சிலீவ் (எடை கொறைக்க இரைப்பைய வெட்டி சின்னதாக்குற) ஆபரேஷன் பண்ணவங்க வீட்ல இருக்குறவங்க படிங்க, வாந்தி நார்மல் இல்ல

இந்த மாசமும் ஒரு கேஸ். வியாசர்பாடி பக்கம் ஒரு அக்கா, சிலீவ் முடிஞ்சு மூணாவது வாரம், எது குடிச்சாலும் நாள் கணக்கா வாந்தி, வீட்ல "வயித்த கொறச்சிருக்காங்கல்ல, அப்டிதான் இருக்கும்"னு விட்டுட்டாங்க. தெருமுனை கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் ஏத்தி அனுப்பியாச்சு. எங்ககிட்ட வரும்போது நடை தள்ளாடுது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்றாங்க. பி1 வைட்டமின் சத்து தீர்ந்துபோனா இப்படித்தான், பாதிப்பு மூளைக்கே போயிடும், அந்த நேரத்துல பி1 ஊசி போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனா இன்னும் மோசம்.

நான் டயட்டீஷியன், கத்தி கத்தி தொண்ட வத்திப்போன விஷயம் ஒண்ணு இருக்கு. "தெம்பு வேணும்ல மேடம், அதான் ஒரு இட்லி குடுத்தேன்." அம்மா, சிலீவ்ல இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல வெட்டி எடுத்துடுறாங்க, மிச்சம் இருக்குறது ஒரு சின்ன டீ டம்ளர் அளவு, அதுவும் வெட்டுன எடத்துல ஸ்டேப்ளர் பின் அடிச்ச கோடு இன்னும் ஆறல. அதுக்குள்ள இட்லிய திணிச்சா தெம்பு எங்கேந்து வரும், வாந்திதான் வரும். ஒடம்புல சேத்து வச்ச கொழுப்பு இருக்கு, அத கரைக்கத்தான் ஆபரேஷனே. இப்ப தேவை தண்ணியும் புரோட்டீனும்தான். ஆட்டுக்கால் சூப்பு புரோட்டீன் கணக்குல வராது, பருப்பு தண்ணியும் வராது, ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும், அதுக்குத்தான் பவுடர் எழுதி குடுக்குறோம், அது ஷெல்ஃப்ல சீல் பிரிக்காம இருக்கும்!

பொதுவா மொத ரெண்டு வாரம் தண்ணியா, அடுத்த ரெண்டு வாரம் மசிச்சு, அப்புறம் மெத்துனு, உங்க சர்ஜன் எழுதுனதுதான் கடைசி கணக்கு. தண்ணி நாள் பூரா ஒவ்வொரு மடக்கா, சாப்பாட்டோட வேணாம், அரை மணி நேரம் கழிச்சு. வலி மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு வாங்காதீங்க. பழைய சுகர் மாத்திரைய பழைய டோஸ்லயே போட்டா சுகர் லோ ஆயிடும், கேட்டுட்டு போடுங்க. நெஞ்சு படபடன்னு ஓடுது, ஜுரம், வயித்து வலி இல்லன்னா இடது தோள் வலி, மூச்சு வாங்குது, ஒரு கால் மட்டும் வீங்குது, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே போங்க.

அடுத்தது அழுகை. "காசு கட்டி பண்ணிட்டு இப்ப எதுக்கு அழுவுற"ன்னு கேக்குற புருஷன்மாருங்க நெறைய. ஒருத்தர் சொன்னாரு, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைய தாண்டும்போது கண்ணு கலங்கிடுச்சுன்னு, சிரிக்காதீங்க, கவலைன்னாலும் சந்தோஷம்னாலும் சாப்பாட்டுலயே தீத்துக்கிட்டவங்களுக்கு அந்த வழி ஒரே நாள்ல அடைச்சுப்போச்சு. கூட ஹார்மோன் வேற ஏறி எறங்குது. மூணாவது வாரம் எடை நகராம நின்னுடும், பலருக்கும் நிக்கும், தயவுசெஞ்சு தினமும் மெஷின்ல ஏறாதீங்க. மூணாவது மாசம் பலருக்கு முடி கொட்டும், திரும்ப முளைக்கும்.

வீட்ல இருக்குறவங்க கொஞ்ச நாளைக்கு அவங்க முன்னாடி பிரியாணி பொட்டலம் பிரிக்காம இருங்க, சாயங்காலம் கூட நடங்க, ரத்தம் கட்டாம இருக்கவும் அதுதான் நல்லது. ரெண்டு வாரத்துக்கு மேல சோர்வாவே இருந்தா கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டு வாங்க. "செத்துடலாம்"னு ஒரு வார்த்த வந்தா அன்னைக்கே வாங்க, வர முடியலன்னா அரசு மனநல ஹெல்ப்லைன் 14416-க்கு போன் போடுங்க, தமிழ்லயே பேசலாம்.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரிய பீரோவுல பூட்டி வைக்காதீங்க. எந்த கிளினிக் போனாலும் மொதல்ல அத நீட்டுங்க, ட்ரிப் போடுறதுக்கு முன்னாடி.