ரபி என்றால் யார்? 'மதகுரு' என்று எழுதலாமா?

இஸ்ரேல் பற்றிய தமிழ்ச் செய்திகளில் 'யூத மதகுரு' என்று ஒருவர் அடிக்கடி வருவார். மூலச் செய்தியில் அந்த இடத்தில் பெரும்பாலும் 'ரபி' என்றுதான் இருக்கும், அதாவது யூத மறையையும் சட்டத்தையும் படித்துக் கற்பிக்கும் அறிஞர். இதைச் சின்னத் தப்பு என்று விட்டுவிட எனக்கு மனசில்லை, ஏனென்றால் யூதர்கள் யாரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள் என்பதே இந்த மொழிபெயர்ப்பில் மாறிப்போகிறது.

எபிரேயத்தில் 'ரவ்' என்றால் பெரிய, மிகுந்த என்று பொருள். பெரியவர், தலைவர் என்றும் ஆகும். அதன் கடைசியில் 'என்' என்பதைக் குறிக்கும் 'ஈ' விகுதி சேர்ந்தால் 'ரப்பீ', அதாவது 'என் பெரியவரே'. முதலில் இது மாணவன் ஆசிரியரைக் கூப்பிடும் விளிச்சொல்தான், பட்டமானது பிற்பாடு. 'நம் பெரியவர்' என்ற பொருளில் 'ரப்பான்' என்றொரு வடிவமும் உண்டு, அது யூத அறிஞர் சபையின் தலைவர்களுக்கு. நம்மூர் முஸ்லிம்கள் துஆவில் 'யா ரப்பே' என்று இறைவனை அழைக்கிறார்களே, அதுவும் இதே வேர்தான், எபிரேயமும் அரபியும் செமித்திய மொழிக் குடும்பம். அரபியில் கடவுளுக்குப் போன சொல் எபிரேயத்தில் வாத்தியாருக்கு வந்திருக்கிறது. தமிழில் 'எம்பெருமான்' என்ற சொல்லும் அதே கட்டுமானம்: 'பெரு' என்ற அடி, முன்னால் 'எம்'.

சரி, மதகுரு ஏன் பொருந்தாது? யூதர்களிடம் பூசை செய்பவர் தனி ஆள், பெயர் 'கோஹேன்'. அது பிறப்பால் வருவது. கி.பி. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு பலியும் இல்லை, கோஹேனுக்கு அந்த வேலையும் இல்லை. அதற்கப்புறம் சமூகத்தைத் தாங்கிப் பிடித்தது பாடசாலை. ரபி ஆக யாருக்குப் பிறந்தோம் என்பது தேவையில்லை, படித்திருக்க வேண்டும். நாற்பது வயது வரை எழுத்தறியாமல் இருந்து பிறகு பேரறிஞரானவர் என்று ரபி அகிவாவைப் பற்றி மரபு சொல்கிறது.

அந்தப் படிப்புக்குக் கொடுத்த மரியாதை எப்பேர்ப்பட்டது என்பதற்கு, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலிருந்து ஒரு சட்டம். அப்பா ஒரு பொருளைத் தொலைத்துவிட்டார், ஆசிரியரும் ஒரு பொருளைத் தொலைத்துவிட்டார், எதை முதலில் தேடுவது? ஆசிரியருடையதை. அப்பா உன்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தார், ஞானம் கற்பித்தவர் வரப்போகும் உலகத்துக்குக் கொண்டுபோகிறார் என்பது காரணம். ஆனால் அப்பாவே அறிஞராக இருந்தால் அவர் பொருளுக்குத்தான் முதலிடம். 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இந்த முறைகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதினார்: ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவர் உட்காரும் இடத்தில் உட்காரக் கூடாது, அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

இதை வைத்து, மேலே இருப்பவர் என்ன செய்தாலும் வாயை மூடிக்கொள்ளும் பண்பாடு என்று நினைத்தால் தப்பு. மிஷ்னாவை விவாதித்து விளக்கும் பெருநூலான தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சபைத் தலைவர் ரப்பான் கம்லியேலுக்கும் ரபி யெகோசுவாவுக்கும் ஒரு சட்டக் கேள்வியில் கருத்து வேறுபாடு. கம்லியேல் அவரை எழுந்து நிற்கச் சொன்னார், அப்படியே நிற்க வைத்துவிட்டுத் தாம் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டே போனார். கூட்டம் முணுமுணுத்தது. தலைவரின் பேச்சை உரக்க எடுத்துச் சொல்லும் ஆளைப் பார்த்து 'நிறுத்து' என்றார்கள், அன்றைக்கே தலைவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மாணவர்களைத் தடுத்த வாயிற்காவலனும் போனான், பாடசாலையில் பெஞ்சுகள் கூடின. பிறகு கம்லியேல் மன்னிப்புக் கேட்க யெகோசுவாவின் வீட்டுக்குப் போகிறார், சுவரெல்லாம் கரி. நீர் கரித்தொழில் செய்பவர் என்று சுவரே சொல்கிறதே என்கிறார். அதற்கு யெகோசுவா, அறிஞர்கள் படும் பாடு தெரியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ என்கிறார்.

இப்போது தமிழுக்கு வருவோம். பழைய தமிழ் விவிலியத்தில் யோவான் முதல் அதிகாரத்தில் 'ரபீ' என்ற சொல்லை அப்படியே போட்டுவிட்டு, 'போதகரே' என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். பொருள் சரிதான், ஆனால் இன்று போதகர் என்றால் சர்ச் பாஸ்டர்தான் நினைவுக்கு வருகிறார். 'ஆசாரியன்' என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல்தான், அதையோ அதே விவிலியம் கோஹேனுக்குக் கொடுத்துவிட்டது. கத்தோலிக்கர்கள் கோஹேனைக் 'குரு' என்கிறார்கள். ஆக, ஆசிரியரைக் குறிக்கும் நல்ல சொற்கள் இரண்டும் பூசை செய்பவர் பக்கம் போய்விட்டன, ரபிக்கு மிச்சம் 'ஆசான்'. என் தேர்வும் அதுதான். கற்பிப்பவர், மூத்தவர், மரியாதைக்குரியவர் மூன்றும் அதில் இருக்கின்றன, விளிக்கும்போது 'என் ஆசானே' என்றால் 'ரப்பீ' அப்படியே வந்துவிடுகிறது.

சமூகத் தலைவர் என்ற பொருளுக்கு மட்டும் ஆசான் வேண்டாம், அது வேறு பதவி. கொச்சி யூதர்களிடம் அந்தப் பதவிக்கு இருந்த பெயர் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்: முதலியார். கொச்சி ராஜா அங்கீகரித்த யூதத் தலைவருக்கு அதுதான் பட்டமாக இருந்தது.

ஹசிதிய யூதர்கள், அதாவது ஒரு யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், தங்கள் ஆன்மிகத் தலைவரை 'ரெப்பே' என்பார்கள், ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி உச்சரிப்பு அது. அதை ரெப்பே என்றே எழுதுங்கள். எபிரேயத்தில் பள்ளிக்கூட வாத்தியார் 'மோரே', டீச்சர் 'மோரா'. பெண் ரபிகளும் இருக்கிறார்கள், 1935-இல் ஜெர்மனியில் பட்டம் பெற்ற ரெஜினா யோனாஸ்தான் முதலாமவர். அவரைப் பற்றி எழுதும்போது 'ஆசான்' கொஞ்சம் இடிக்கும், அங்கே 'ரபி ரெஜினா யோனாஸ்' என்றே போட்டுவிடலாம், 'கற்பித்தார்', 'எழுதினார்' என்று மரியாதை வினையிலேயே வந்துவிடும்.