புளியமர முண்டு பிளக்காது என்கிறவர்களுக்கு

புருவத்துக்கு மேல் தையல், கையில் ஒரு சாக்குப் பை. பைக்குள் நான்கு துண்டாகக் கிடந்தது, கட்டையைச் சுழற்றிக் கடையும் லேத்தில் சிதறிய ஒரு புளியமர ஜாடி. "இதை எபாக்ஸி பசை போட்டு ஒட்டிவிடலாமா, சார்?" என்பதுதான் வந்த இளைஞரின் முதல் கேள்வி. கண் தப்பியதைப் பற்றி அவர் பேசவே இல்லை. ஜாடி போய்விட்டதே என்ற கவலைதான் முகம் முழுக்க.

இப்படிப் பை தூக்கி வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்த ஓரத்துப் புளியமரங்களை வெட்டுகிறார்கள். புயலடித்தால் தூங்குமூஞ்சி மரங்கள் சாய்கின்றன. நேரான அடிமரம் அறுவை மில்லுக்குப் போகிறது. மரத்தின் உடலில் கட்டி கட்டியாகப் புடைத்திருக்கும் முண்டு மட்டும் விறகு விலைக்கு மரவாடியில் கிடக்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே புள்ளியும் சுழியுமாக ரேகை ஓடும். அதை அடுப்புக்கு விடாமல் பெரிய ஜாடியாகக் கடைய வேண்டும் என்பது நல்ல ஆசைதான். என் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. எனக்கு எரிச்சல் வருவது வேறு ஒரு விஷயத்தில்.

"முண்டு மரம் பிளக்காது சார், கோடரியே இறங்காது." ஏறக்குறைய எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். சிலர் கூடவே ஓர் ஆதாரமும் தருகிறார்கள்: கறிக்கடையில் வருடக்கணக்கில் கத்திவெட்டு வாங்குகிற கட்டை புளியமரம்தானே, அது லேத்தில் சிதறுமா?

சிதறும். கறி வெட்டும் கட்டை தரையில் அசையாமல் நிற்கிறது. அடிமரத்தைக் குறுக்கே அறுத்த துண்டு அது. நார்கள் செங்குத்தாக நிற்கின்றன, கத்தி மேலிருந்து அழுத்துகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் மரம் கெட்டிக்காரன். லேத்தில் நடப்பது அழுத்தமே இல்லை, இழுப்பு. சுற்றும்போது மரத்தின் ஒவ்வொரு துணுக்கும் நடுவிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கிறது. நாருக்குக் குறுக்கே இழுத்தால் எந்த மரமும் பலவீனம்தான், புளியும் விலக்கில்லை.

கோடரி இறங்காததற்கும் காரணம் இருக்கிறது. நேர்மரத்தில் விரிசல் நார் வழியே ஓடிவிடும். முண்டில் நார் ஒவ்வோர் அங்குலத்திலும் திசை மாறுவதால் விரிசலுக்கு ஓட வழி இல்லை. நீங்கள் பலம் என்று நினைப்பது இதைத்தான். ஆனால் ஜாடியின் சுவரை அரை அங்குலத்துக்குக் குடைந்த பிறகு விரிசல் நீளமாக ஓட வேண்டியதே இல்லை. அரை அங்குலம் கடந்தால் போதும். திசை மாறி மாறி ஓடும் நார்களில் எங்கோ ஓர் இடத்தில் நார் சுவருக்குக் குறுக்காகத்தான் படுத்திருக்கும். உடைப்பு அங்கேதான் தொடங்கும். இது போதாதென்று முண்டு வளரும்போது பட்டையையும் உள்ளே விழுங்கிக்கொள்கிறது. வெளியே வழவழப்பாகத் தெரியும் கட்டைக்குள் பட்டையும் பொந்தும் மடிப்பு மடிப்பாக ஒளிந்திருக்கும். பட்டை இருக்கும் இடத்தில் மரம் ஒட்டியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேகம். பதினாறு அங்குல விட்டமும் பதினெட்டு அங்குல உயரமும் உள்ள பச்சைப் புளியங்கட்டை ஏறத்தாழ 60 கிலோ இருக்கும். உள்ளூரில் செய்துதரும் லேத்துகள் பலவற்றில் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரை நேராகவே இணைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் கட்டையின் விளிம்பு மணிக்கு 110 கிலோமீட்டரில் பறக்கிறது. கடைசல்காரர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும். பதினாறு அங்குலத்துக்கு அது 375 முதல் 560 சுற்று. அதுவும் உருண்டையாகி, எடை சமமான பிறகு. கோணல்மாணலான முண்டுக்கு இதைவிடவும் குறைவாகத் தொடங்குங்கள். வேகம் பாதியானால் பிய்க்கும் விசை கால் பங்காகிவிடும், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி வாங்கக் காசு இல்லையென்றால் கப்பி மாற்றுங்கள். இரண்டும் முடியாதென்றால் சிறிய கிண்ணம் கடையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைபவர்களின் வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது சின்னக் கட்டை, நேர் ரேகை, தலைமுறைக் கை.

சாலையோர மரம் என்றால் ஆணி இருக்கிறதா என்று கேட்கவே கேட்காதீர்கள், இருக்கிறது. டியூஷன் சென்டர் பலகை, கட்சித் தட்டி, போதாக்குறைக்குப் பேயை இறக்கி அடித்த ஆணி வேறு. மரம் வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். கட்டையில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் பெரும்பாலும் இரும்புதான். கையடக்க மெட்டல் டிடெக்டரால் எல்லாப் பக்கமும் தடவிப் பாருங்கள். என் உளிகளைச் சாணை பிடிக்கிறவருக்கு இந்த ஆணிகளால் நல்ல வருமானம்.

பொருத்தும்போது பட்டையை முழுதாகச் செதுக்கிவிட்டு, கெட்டியான மரத்தில் ஃபேஸ் பிளேட்டை, அதாவது கட்டையை லேத்தோடு பிணைக்கும் இரும்புத் தட்டை, அமர்த்துங்கள். தயவுசெய்து கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ போடாதீர்கள். அது சட்டென்று தலை முறியும் சாதி. தடித்த மர ஸ்க்ரூ போடுங்கள், எல்லாத் துளையிலும் போடுங்கள். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை முடிந்தவரை எடுக்காதீர்கள். சுவிட்சைப் போடும்போது கட்டைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். முழு முகத்தையும் மறைக்கும் கவசம் கட்டாயம், வெறும் கண்ணாடி போதாது. ஆனால் அந்தக் கவசமும் பெரிய கட்டையைத் தடுக்காது. தள்ளி நிற்பதுதான் தடுக்கும்.

விரிசலில் சூப்பர் க்ளூ ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. பசை மேலே அரை அங்குலம் இறங்கியிருக்கும், விரிசல் நான்கு அங்குலம் ஓடியிருக்கும். தட்டிப் பாருங்கள், மந்தமாக ஒலிக்கும் கட்டையை லேத்தில் ஏற்றாதீர்கள். பை தூக்கி வந்த தம்பியின் ஜாடி பசை போட்ட கோட்டிலேயேதான் பிரிந்திருந்தது.

குறுகிய வாய் வழியாகக் குடையும்போது உளியின் நுனி கண்ணுக்குத் தெரியாது. சீவல் உள்ளே அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்துங்கள். சுற்றுகிற ஜாடிக்குள் விரல் விட்டு உப்புத்தாள் தேய்க்கிறவர்களை நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன். கையுறை கூடாது. தோளில் துண்டு, நுனி தொங்கும் வேட்டி, துப்பட்டா, மணிக்கட்டுக் கயிறு எதுவும் கூடாது. சாமிக் கயிறுதானே என்றால், அதைக் கழற்றி சாமி படத்தில் மாட்டிவிட்டு வாருங்கள்.

தூசியைப் பற்றிச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலிக்குப் பேர்போனது. கடைசல்காரர்கள் நிறைந்த ஊர். 1960-களில் அங்கே மரவேலை செய்தவர்களிடம் மூக்குக்குள் அரிதாக வரும் ஒருவகைப் புற்றுநோய் அதிகமாக இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. நீண்ட காலம் சுவாசித்தவர்களின் கதை அது, ஒருநாள் கடைந்தவர் பயப்பட வேண்டாம். ஆனால் விழுந்து கிடந்த மரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். அழகுதான். அதன் தூளில் பூஞ்சை வித்துகளும் பறக்கும், ஆஸ்துமாக்காரருக்கு ஒரே நாள் போதும். முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது, என்95 முகக்கவசம் அணியுங்கள்.

அவசரம் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பச்சையாக இருக்கும்போது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனுக்குக் குடைந்து, அதன் சீவலோடு காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் வைத்துவிட்டு வெடித்துவிட்டது என்று வராதீர்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு மறுபடி ஏற்றிக் கடையலாம். இத்தனை பெரிய ஜாடிக்குப் பல மாதம் ஆகும், ஆகட்டும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே சூட்டைக் கிளப்பித்தான். குவிந்து கிடக்கும் துணி தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே ஒரு மூட்டை சீவலும் இருக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.