விவாகரத்து ஆனால் பிஎஃப், பென்ஷன் யாருக்கு?

“விவாகரத்து ஆனால் என் கணவரின் பிஎஃப் பணத்தில் எனக்குப் பாதி வருமா?” இருபது வருஷம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட பெண் இதைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் நம் சட்டப்படி பதில், வராது என்பதுதான். கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு கோவாவில் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. இங்கே யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம்.

பிஎஃப்புக்கு இன்னொரு பூட்டும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. பிஎஃப் இருப்பும் அரசு பென்ஷனும் அதில் இருக்கின்றன. தொழிலாளியின் முதுமைக்கான பணத்தைக் கடன்காரர்கள் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. அதனால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலோடு பிஎஃப் ஆபீஸுக்குப் போய், பாதியைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்க வழியில்லை.

சரி, அப்படியானால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். அது ஜீவனாம்சக் கணக்கில் வரும்.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 25-ஆவது பிரிவுப்படி, நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது இருவரின் வருமானத்தையும் சொத்தையும் கோர்ட் பார்க்கும். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். எதிர் தரப்பின் பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள். சம்பளமும் ஒரே ஒரு பேங்க் கணக்கும் மட்டும் இருந்தால், பிஎஃப் எங்கே, பிபிஎஃப் (பொது சேமநல நிதி) எங்கே, என்பிஎஸ் (தேசிய பென்ஷன் திட்டம்) எங்கே, கிராஜுவிட்டி (பணிக்கொடை) எவ்வளவு வரும் என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். பிஎஃப் பாஸ்புக்கை மனைவியால் தானாக எடுக்க முடியாது, ஓடிபி கணவரின் போனுக்குத்தான் போகும். அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி கோர்ட்டில் மனு போடலாம்.

பாஸ்புக் வந்ததும் மூன்று பத்திகளைப் பாருங்கள். முதலாவது ஊழியர் பங்கு, இரண்டாவது நிறுவனத்தின் பங்கு, மூன்றாவது பென்ஷன் பங்கு. முதல் இரண்டும் வட்டியோடு சேர்கிற பணம். மூன்றாவதில் மாதாமாதம் விழும் தொகை, 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புப்படி 1,250 ரூபாய், பொதுவான பென்ஷன் நிதிக்குப் போகிறது. அதை அவருடைய கையிருப்பாகச் சேர்த்துச் சொன்னால் உங்கள் கணக்கில் ஓட்டை விழும்.

வேலையில் இருப்பவரிடம் வசூலிப்பது ஓரளவு எளிது. ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய அதே 60-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகுதான் இழுபறி. மனைவியின் ஜீவனாம்சத்துக்காகப் பென்ஷனைப் பிடிக்கலாம் என்று தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றங்கள் உண்டு, ஆனால் அதற்கும் அலைய வேண்டும். ஆகவே, அவருக்கு ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது என்றால், மாதத் தொகையை மட்டும் நம்பாமல் மொத்தத் தொகை கேட்பதே நல்லது என்பது என் எண்ணம். தவணையில் தருகிறேன் என்றால், 25-ஆவது பிரிவே ஒரு பிடி தருகிறது: அந்தத் தொகைக்கு அவருடைய வீடு, நிலத்தை ஈடுபோலப் பிணைத்து (சார்ஜ்) வைக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். பரஸ்பர சம்மத விவாகரத்தில் பலர் இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அடுத்தது குடும்பப் பென்ஷன், அதாவது ஊழியர் இறந்த பிறகு குடும்பத்துக்கு வரும் பென்ஷன். விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால், முன்னாள் மனைவிக்கு மத்திய அரசின் குடும்பப் பென்ஷனும் கிடையாது, பிஎஃப்போடு சேர்ந்த இபிஎஸ் பென்ஷன் திட்டத்தின் விதவைப் பென்ஷனும் கிடையாது. பிள்ளைகளின் உரிமை போகாது; பெற்றோர் பிரிந்தாலும் அவர்கள் அவருடைய பிள்ளைகள்தானே. வழக்கு நடக்கும்போதே, தீர்ப்புக்கு முன் கணவர் இறந்துவிட்டால், சட்டப்படி அவள் இன்னும் மனைவிதான். இதைத் தெரியாமல் விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு 2024 ஜனவரியில் வந்த திருத்தம் முக்கியமானது. விவாகரத்து வழக்கோ, கணவர் மேல் குடும்ப வன்முறை அல்லது வரதட்சணை வழக்கோ நிலுவையில் இருந்தால், தன் குடும்பப் பென்ஷன் கணவருக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று அலுவலகத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு முன்பு, அடித்துத் துரத்திய கணவராக இருந்தாலும் வரிசையில் முதலில் அவர்தான் நின்றார்.

அப்புறம், பெற்றோர் மத்திய அரசுப் பென்ஷன்தாரர்கள் என்றால், அவர்களைச் சார்ந்திருக்கும் விவாகரத்தான மகளுக்கும் குடும்பப் பென்ஷன் உரிமை உண்டு. தீர்ப்பு அவர்கள் காலத்துக்குப் பின் வந்தாலும் பரவாயில்லை. ஆனால் விவாகரத்து மனு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே தாக்கல் ஆகியிருக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும். மாநில அரசு ஊழியர் குடும்பங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் விதி.

கடைசியாக நாமினி. விவாகரத்து ஆகிவிட்டால் பழைய பெயர் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பெயரை வைத்துத்தான் உங்கள் பிள்ளைகள் ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டிவரும். தீர்ப்பு கைக்கு வந்த வாரமே பிஎஃப் இணையதளத்தில் இ-நாமினேஷனை மாற்றுங்கள். பிஎஃப்புக்கும் பென்ஷனுக்கும் விவரங்கள் தனித்தனியாகக் கேட்கும், இரண்டையும் நிரப்பி ஆதார் ஓடிபியோடு இ-சைன் போட்டால்தான் பதிவாகும். அதே நாளில் எல்ஐசி பாலிசி, பேங்க் டெபாசிட், என்பிஎஸ், கிராஜுவிட்டி படிவம் எல்லாவற்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.