டாக்குமெண்டேஷன் பில்ட்: தமிழில் என்ன சொல்வது?

மென்பொருள் திட்டங்களில் ‘டாக்ஸ் பில்ட் ஃபெயில் ஆகிவிட்டது’ என்பார்கள். டாக்ஸ் என்பது மென்பொருளை விளக்கும் ஆவணங்கள். இந்த பில்ட், ஆவணம் எழுதும் வேலை அல்ல. எழுத்து முடிந்த பிறகு வருவது. மார்க்டவுன் போன்ற எளிய வடிவில் இருக்கும் மூலக் கோப்புகளை ஒரு கருவி படிக்கிறது. நிரலுக்குள் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகளையும் எடுத்துச் சேர்க்கிறது. பக்கங்களுக்கு இடையிலான இணைப்புகளைப் பொருத்தி, எச்டிஎம்எல் என்னும் வலைப் பக்கங்களாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ தருகிறது.

வீடு கட்டுவதைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்த சொல் பில்ட். மென்பொருளில் அது மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் வேலைக்குப் பெயரானது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ என்ற கருவி, எந்தக் கோப்பு மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி ஆக்கித் தரும். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக எழுதப்பட்டு 2008-இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸ் கருவியைப் பயன்படுத்துவோர் இன்றும் ‘மேக் எச்டிஎம்எல்’ என்றே கட்டளை கொடுக்கிறார்கள். நிரலுக்கான சொல் ஆவணத்துக்கும் வந்து சேர்ந்த வழி இதுதான்.

டாக்குமெண்ட் என்பதன் லத்தீன் வேர் ‘கற்பி’ என்று பொருள்படும். நம் ‘ஆவணம்’ உரிமைப் பத்திரத்தைக் குறித்த பழஞ்சொல்; சோழர் காலக் கல்வெட்டுகளில் பத்திரம் பதியும் இடம் ஆவணக்களரி. கற்பித்தல் என்ற சாயல் இதில் இல்லை. ஆனாலும் சொல் நன்றாக ஊன்றிவிட்டது, மாற்றத் தேவையில்லை.

சிக்கல் பில்ட்டில்தான். பலரும் ‘ஆவண உருவாக்கம்’ என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் யாரோ உட்கார்ந்து ஆவணம் எழுதுகிறார் என்றே நினைப்பார். ‘தொகுத்தல்’ ஏற்கெனவே கம்பைல், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றுதல், என்பதற்குப் போய்விட்டது. ‘கட்டமைப்பு’ என்றால் அமைப்பின் வடிவம், செயல் அல்ல. எனக்குச் சரியாகப் படுவது கட்டமைத்தல். அதன் அடியான ‘கட்டு’ வீட்டுக்கும் பொருந்தும், ஏடுகளைச் சேர்த்துக் கட்டிய சுவடிக்கட்டுக்கும் பொருந்தும். இங்கே நடப்பதும் சிதறிய தாள்களை வரிசைப்படுத்திக் கட்டுவதுதானே!

அப்புறம் ஆட்டோமேஷன், அதாவது இந்த பில்ட் ஆள் தொடாமல் தானே நடப்பது. அதற்குத் தானியக்கம். தானியங்கி என்பது தானாக இயங்கும் பொருள். இரண்டையும் குழப்பக் கூடாது. ஆக, முழுத்தொடர் ‘தானியக்க ஆவணக் கட்டமைத்தல்’. ஒருவர் மாற்றத்தைத் திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்துக்கு (ரெப்பாசிட்டரி) அனுப்பியதும் சேவையகம் தானே வேலையைத் தொடங்கி, பிழையில்லாவிட்டால் புதிய பக்கங்களை வெளியிடுவது. எச்சரிக்கைகளையும் பிழையாக எண்ணும்படி அமைத்தால், இல்லாத பக்கத்தைச் சுட்டும் ஓர் உள்ளிணைப்பு போதும், வெளியீடு நின்றுவிடும். அப்படி நிற்பதே நல்லது. வாசகர் உடைந்த பக்கத்தில் போய் மாட்டிக்கொள்வதற்கு முன் எழுதியவருக்கே தெரிந்துவிடுகிறது. அந்தச் செய்தியைத் தமிழில் காட்ட ‘ஆவணக் கட்டமைத்தல் தோல்வி’ என்று எழுதலாம். பொத்தானில் இடம் குறைவாக இருந்தால் ‘கட்டமை’ என்ற ஏவலே போதும்.