விண்டோ காணாமல் போகவில்லை, நீங்கள்தான் அனுப்பிவைத்தீர்கள்

"சார், சாஃப்ட்வேர் ஓப்பனே ஆக மாட்டேங்குது."

இந்த மாதத்தில் இதே வாக்கியத்தைக் கேட்பது நான்காவது முறை. முதல் மூன்று பேரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். நான்காமவர் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே சாஃப்ட்வேரை நீக்கி, மறுபடி நிறுவி, அதுவும் போதாதென்று அதன் செட்டிங்ஸ் இருந்த ஃபோல்டரையும் அழித்துவிட்டிருந்தார். பல வருடமாகச் சேர்த்துவைத்த டெம்ப்ளேட்டுகள் அதற்குள்தான் இருந்தன. பேக்கப் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

சாஃப்ட்வேர் ஒழுங்காகத்தான் திறந்திருந்தது. டாஸ்க்பாரில் ஐகான்கூட இருந்தது. விண்டோ மட்டும், அவர் அலுவலகத்தில் விட்டுவந்த இரண்டாவது மானிட்டர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றிருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்தியது, எங்கிருந்தோ காப்பியடித்துப் போட்டிருந்த ஒரு ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட். விண்டோ நகர்த்துவது போன்ற வேலைகளை விண்டோஸில் தானாகச் செய்யவைக்கும் கட்டளைக் கோப்பு அது.

ஸ்கிரிப்ட் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் கணினியிலும் ஒரு விசையைத் தட்டினால் ஐந்து விண்டோக்கள் அதனதன் இடத்தில் போய் உட்காரும். எரிச்சலெல்லாம் இப்படிக் கேட்கும்போதுதான்: "எக்ஸ், ஒய் நம்பரெல்லாம் கரெக்டாத்தானே இருக்கு? ஃப்ரெண்டு சிஸ்டத்துல ஓடுதே!"

ஓடும். அது அந்த நண்பரின் திரைக்கான எண்.

திரையில் விண்டோ நிற்கவேண்டிய இடத்தைச் சொல்லும் இந்த எண்களை (எக்ஸ் கிடைமட்டம், ஒய் செங்குத்து) வீட்டுக் கதவிலக்கம்போல் நிலையானவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. விண்டோஸில் முதன்மை மானிட்டரின் இடது மேல் மூலைதான் 0, 0. மற்றதெல்லாம் அங்கிருந்து அளப்பது. அதற்கு இடப்பக்கம் 1920 பிக்சல் அகலத்தில் இன்னொரு மானிட்டர் இருந்தால், அதன் எல்லை -1920-இல் தொடங்கி -1-இல் முடியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த மானிட்டரை வலப்பக்கம் இழுத்துவிடுங்கள், எண் மாறிவிடும். அதையே முதன்மையாக்குங்கள், மறுபடி மாறும். சற்று உயரத்தில் வைத்தால் ஒய்யும் மைனஸுக்குப் போகும். கேபிளைக் கழற்றினால் அந்த இடமே இல்லை. ஆனாலும் ஸ்கிரிப்ட் -1800 என்று சொன்னால் விண்டோஸ் எதிர்க்கேள்வி கேட்காமல் விண்டோவை அங்கே வைத்துவிடும்.

இதோடு முடிந்ததா? எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் இருக்கிறது. 1920×1080 லேப்டாப் திரையை 150 சதவீதத்தில் வைத்திருந்தால், ஸ்கேலிங்கைப் பற்றித் தெரியாத பழைய புரோகிராம் ஒன்று அந்தத் திரையை 1280×720 என்றே நம்பும். ஒரே திரைக்கு இரண்டு கணக்கு. இதில் நண்பர் கொடுத்த எண்ணைக் கொண்டுபோய் எங்கே பொருத்துவது?

எங்களைப் போன்றவர்களையும் கடுப்பேற்றும் ஒன்று உண்டு. விண்டோஸ் 10 வந்தபிறகு விண்டோவை 0-இல் வைத்தாலும் இடப்பக்கம் மெல்லிய இடைவெளி தெரியும். மவுஸால் பிடித்து இழுப்பதற்காக அங்கே கண்ணுக்குத் தெரியாத ஓரம் இருக்கிறது. 100 சதவீத ஸ்கேலிங்கில் சுமார் 7 பிக்சல். அதைச் சரிக்கட்டத்தான் பல ஸ்கிரிப்டுகளில் ஒரு -7 விளக்கமே இல்லாமல் கிடக்கும். ஸ்கேலிங் மாறினால் அந்த 7 பொய்யாகிவிடும்.

இன்னொரு எண்ணும் அடிக்கடி கண்ணில் படும்: -32000. மினிமைஸ் செய்த விண்டோவிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் விண்டோஸ் தரும் பதில் அது. விண்டோ இருந்த இடங்களைச் சேமித்துவைக்கும் ஸ்கிரிப்ட், இதையும் கர்ம சிரத்தையாகச் சேமித்து, மறுநாள் காலை விண்டோவை அங்கேயே கொண்டுபோய் வைக்கும்.

ஆகவே, எண்ணை எழுதாதீர்கள். கணக்கை எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை மானிட்டர் இருக்கிறது, டாஸ்க்பார் போக ஒர்க் ஏரியா எவ்வளவு என்று ஸ்கிரிப்டைக் கேட்கவைத்து, அதில் பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாக்ஸிமைஸ் ஆகியிருந்தால் முதலில் ரீஸ்டோர், அப்புறம்தான் நகர்த்தல். மூன்று வினாடி தூங்கு என்று ஸ்லீப் போட்டுவிட்டு வேண்டிக்கொள்ளாதீர்கள். விண்டோ வரும்வரை காத்திருக்க வின்வெயிட் என்ற கட்டளை இருக்கிறது. டைட்டிலில் உள்ள சொல்லை வைத்து விண்டோவைத் தேடாதீர்கள், அது ஃபைலுக்கு ஃபைல் மாறும். புரோகிராமின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

"வேலை செய்யலைன்னா அட்மினா ரன் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அட்மின் உரிமையில் ஓடும் விண்டோவைச் சாதாரண உரிமையில் ஓடும் ஸ்கிரிப்ட் தொட முடியாது. விஸ்டா காலத்திலிருந்தே இருக்கும் காவல் இது, பழுதல்ல. ஒரே ஒரு விண்டோவை நகர்த்துவதற்காக முழு ஸ்கிரிப்டுக்கும் அட்மின் உரிமை கொடுத்து, ஸ்டார்ட்அப்பிலும் போட்டுவைப்பது, வீட்டுச் சாவியை வாசல் நிலையில் தொங்கவிடுவதுபோல. ஆட்டோஹாட்கீயால் நீங்கள் தட்டும் விசைகளையும் படிக்க முடியும் என்பதை மறக்கவேண்டாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி இஎக்ஸ்இ கோப்பாக ஆக்கப்பட்ட ஸ்கிரிப்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். டெக்ஸ்டாக வாங்கி, எல்லா வரியையும் படியுங்கள். விண்டோ நகர்த்தும் ஸ்கிரிப்டுக்கு இணையத்திலிருந்து எதையும் இறக்கும் வேலை கிடையாது.

லினக்ஸ்காரர்களுக்கு: திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டுக்கு மாறியதும், விண்டோ நகர்த்தும் கருவியான டபிள்யூஎம்கன்ட்ரோல் (wmctrl) கைவிரிக்கிறதென்றால் அது வடிவமைப்பே அப்படி. உங்கள் டெஸ்க்டாப் தரும் வசதியைத் தேடுங்கள். மேக்காரர்கள் கவனிக்க: மேக்கின் ஸ்கிரிப்ட் மொழியான ஆப்பிள்ஸ்கிரிப்டில், விண்டோவின் எல்லையைச் சொல்லும் பவுண்ட்ஸ் கேட்கும் நான்கு எண்கள் இடது, மேல், வலது, கீழ். அகலமும் உயரமும் அல்ல.

நாலு பெட்டியாகத் திரையைப் பிரிப்பதுதான் தேவை என்றால் ஸ்கிரிப்டே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்ஸிசோன்ஸ் போதும்.

விண்டோ காணவில்லையா? அன்இன்ஸ்டால் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஆல்ட்டைப் பிடித்தபடி டேப் தட்டி அந்தப் புரோகிராமைத் தேர்ந்தெடுங்கள். ஆல்ட்டைப் பிடித்தபடி ஸ்பேஸ் தட்டினால் ஒரு மெனு வரும், பிறகு மூவுக்கு எம். ஏதாவது ஒரு அம்புக்குறி விசையை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசையுங்கள். விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். மூவ் மங்கலாக இருந்தால் அதே மெனுவில் முதலில் ரீஸ்டோர்.

நான்காமவரின் ஸ்கிரிப்டைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே மானிட்டர் என்றால் எதையும் நகர்த்தாதே என்று இரண்டு வரி சேர்த்தேன். டெம்ப்ளேட்டுகளை அவர் இன்னும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்.