கோழியின் முட்டைக்குழாயில் சீழ் கட்டினால்

விடியற்காலையில் கூட்டைத் திறந்தால் முட்டைக்குப் பதிலாக மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு கட்டி கிடக்கிறது. ஓடு இல்லை, ஆனால் முட்டை வடிவம். கத்தியால் குறுக்கே வெட்டினால் வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பிரியும். நடுவில் மஞ்சட்கருவோ முட்டைத் தோலோ சிக்கியிருக்கும். பலரும் இதைக் கெட்ட முட்டை என்று வளவுக்கு அப்பால் எறிந்துவிடுவார்கள். உண்மையில் அது முட்டையே அல்ல, சீழ்.

நமக்குச் சீழ் வடியும், கோழிக்கு வடியாது. நமது வெள்ளணுக்களில் இருந்து சீழை இளக்க உதவும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, கோழியில் அதே வேலையைச் செய்யும் அணுக்களில் இல்லை. செத்த அணுக்களும் கிருமிகளும் உள்ளேயே இறுகிக் கெட்டியாகின்றன. குழாயின் தசையோ அதையும் முட்டை என்றே எண்ணித் தள்ளுகிறது.

பேட்டுக்கோழிக்கு இடப்பக்கச் சூலகமும் குழாயும் மட்டுமே வளர்ந்து வேலை செய்யும். மஞ்சட்கரு அந்தக் குழாயில் இறங்கி, வெள்ளைக்கருவும் தோலும் சேர்ந்து, ஓடு படிந்து வெளியே வர 24 முதல் 26 மணிநேரம். அதில் ஏறத்தாழ 20 மணிநேரம் ஓட்டுக்கே போகிறது. ஆகவே குழாய் பழுதானால் முதலில் சொல்வது ஓடுதான்: தோல்முட்டை, சுருங்கிய ஓடு, கோணல் முட்டை. வெயில் காலத்தில் கச்சான் காற்று வீசும்போதும் ஓடு மெலியும். கோழி இரைத்து இரைத்துக் கரியமிலவாயுவை இழப்பதால் வருவது அது. வெக்கை தணிந்தும் ஓடு தேறாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

கிருமி பெரும்பாலும் ஈ.கோலை, கோழியின் குடலிலேயே வாழ்வது. முட்டையிடும்போது குழாயின் நுனி எச்சவாய் வழியே வெளியே புரளும். கூடு எச்சமும் ஈரமுமாக இருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். மற்றக் கோழிகள் அந்த இடத்தைக் கொத்திப் புண்ணாக்கினால் இன்னும் மோசம். இன்னொரு வழியும் உண்டு: இடது வயிற்றுக் காற்றுப்பை குழாயை ஒட்டியே இருப்பதால், மூச்சு நோய் அங்கிருந்து தாவும். குஞ்சிலே தொற்றுச் சுவாசக்குழாய் அழற்சி வந்த கோழிக்குக் குழாய் நிரந்தரமாகச் சிதைந்துவிடலாம். பிறகு கொண்டை சிவக்கும், கூட்டிலும் போய் உட்காரும், முட்டை மட்டும் வராது.

முற்றிய நோயில் வயிறு உப்பி, கோழி பென்குயின்போல நிமிர்ந்து நிற்கும். கொண்டை வெளிறும், பின்புற இறகில் எச்சம் ஒட்டும். மஞ்சட்கரு குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகினாலும் இதே கோலம்தான். முட்டை சிக்கிய கோழி வேறு: முக்கி முக்கி நிற்கும், மெல்லத் தடவினால் முட்டை தட்டுப்படும். இளஞ்சூட்டு நீரில் கால் மணிநேரம் இருத்தினால் சிலவேளை இறங்கும். அழுத்தி உடைக்கக்கூடாது, ஓட்டுத் துண்டு குழாயைக் கிழித்துவிடும்.

தொற்று என்று தோன்றினால் கோழியைப் பிரித்து, நிழலும் தண்ணீரும் கொடுத்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பாமசியில் மனிதருக்கு விற்கும் நுண்ணுயிர் எதிர்ப்பியைத் தீனில் கலப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். அளவு தெரியாது, மருந்தும் முட்டைக்குள் இறங்கும். ஆரம்பத்திலேயே சரியான மருந்து கிடைத்தால் பிழைக்கலாம். கட்டி இறுகிவிட்டால் மருந்து அதற்குள் ஊடுருவாது. அந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் சொல்லி வலியில்லாமல் முடிப்பதே கருணை. மருந்து கொடுத்த கோழியின் முட்டையை வைத்தியர் சொல்லும் நாள்வரை சாப்பிடவோ விற்கவோ கூடாது.

திருகோணமலையில் ஐப்பசி தொடங்கி மாரி முடியும்வரை கூட்டுத்தரை காய்வதே பெரும்பாடு. உமியை அடிக்கடி மாற்றுங்கள், முட்டைப்பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். சுண்ணாம்புச்சத்துக்குக் கடற்கரைச் சிப்பியை நொறுக்கித் தனித்தட்டில் வைக்கலாம். முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உப்பைப் போக்குங்கள், இல்லாவிட்டால் கோழி மிதமிஞ்சித் தண்ணீர் குடித்து எச்சம் இளகும், கூடு மறுபடி ஈரமாகும்.