மலையகத்துச் சுவரில் கடல்: படம் ஏன் நெளிகிறது?

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் முன்னறைக்கு ஆசையாக வாங்கும் கடற்காட்சிப் படம், ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் நெளிந்து, வானத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து கிடக்கும். பழி படத்தின் மேல் விழுகிறது. கெடுப்பதோ பெரும்பாலும் பிரேம் போட்ட விதமும் மாட்டிய சுவரும்தான்.

காகிதம் என்பது நார். ஈரக்காற்றில் அது நீரை உறிஞ்சி, நாரின் நீளவாக்கில் சொற்பமாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் உப்பும். நான்கு ஓரமும் ஒட்டப்பட்டிருந்தால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். ஆகவே படத்தைப் பிரேமின் பின்னட்டையில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், மெல்லிய காகிதப் பட்டையும் ஸ்டார்ச் பசையும் கொண்டு தொங்கவிடுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறினால் பிறகு எடுப்பது மிகக் கடினம்.

அடுத்தது கண்ணாடி. வெளிச்சுவரில் மாட்டிய படம் இரவெல்லாம் குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. காலையில் வெயில் பட்டுச் சுவர் சூடானதும் பின்னட்டையும் காகிதமும் அந்த ஈரத்தை வெளிவிடும். அது இன்னும் குளிராக இருக்கும் கண்ணாடியின் உட்புறத்தில் துளியாகப் படியும். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், பளபளப்பான போட்டோ காகிதம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மேல்பூச்சு உரிந்து கண்ணாடியோடு போய்விடும். ஈரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணமும் பிடிக்கும்.

இதற்கு வேண்டியது இடைவெளி. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 1.5 மில்லிமீற்றர் மவுன்ட் போர்ட் (படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை). போட்டோ காகிதமென்றால் ஓரங்களில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள இடைப்பட்டை. பிரேமின் பின்புறக் கீழ்மூலைகளில் 5 மில்லிமீற்றர் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். முடிந்தால் உட்சுவரிலேயே மாட்டுங்கள். அடுப்படிச் சுவர் ஆகாது.

உயரம் 1,000 மீற்றர் கூடினால் புறஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுக்காது. மலிவான அச்சுகளில் மஞ்சளும் மெஜன்டாவும் (ஊதா கலந்த சிவப்பு) முதலில் வெளுக்கும், நீலம் தங்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டிய அந்திக்கடலில் சூரியன் மறைந்து வெறும் நீலத் தண்ணீர் மிஞ்சுவது இதனால்தான். பிக்மென்ட் மை (நுண்துகள் நிறமி கலந்த மை) அச்சு கேட்டு வாங்குங்கள், டை மையைவிட (கரைந்த சாய மை) நெடுநாள் நிற்கும்.

பூஞ்சணம் ஏற்கனவே பிடித்துவிட்டதா? ஈரத்துணியால் துடைத்தால் கறை உள்ளே இறங்கும். பிரேமைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் நன்கு உலரவிட்டு, முகமூடி அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பழைய பின்னட்டையைத் திரும்பப் போடாதீர்கள்.